வில்லும் வேடர் கோலமும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றை ஒட்டி, வேடசந்தூர் என்னும் ஊர் இருக்கிறது. வேடர் வாழ்ந்த ஊராதலின் அப்பெயர் வந்தது என்று சொல்லுவர். பெயராராய்ச்சி வல்லோர் இதனை ஒப்பினும் ஒப்புக, மறுப்பினும் மறுக்க. ஊரின் பெயருக்கு முன்னே வேடன் நிற்கிறான் என்பது மட்டும் கண்கூடு. பெயரில் நிற்கும் அவ்வேடன் இன்று ஊரில் எங்கே நிற்கிறான்? அவன் வில் எங்கே? வில்லினும் அரிதான அவனுடைய அறிவு எங்கே? இக்கேள்விகளை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது அபிப்பிராயம்.

நாம் இங்கே பேசப் புகுவது வில்லைப் பற்றி மட்டுமன்று. வில்லேந்தியவன் உடுத்த உடையைப் பற்றியே முக்கியமாகப் பேசப் போகிறோம். உடையில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் நகைக்கலாம். வேடன் கோலம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நாடக மேடையே. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தை மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, வேடனாக வந்து நிற்கும் முருகனைத் தெரியும். பழனியிலோ நாள்தோறும் சிறுகாலச் சந்திப் பூஜையில் தண்டாயுதபாணிக்கு வேடர் கோலம் சாத்தப்பெறுகிறது. சாயரட்சையில் அதே மூர்த்திக்கு ராஜ கோலம். மன்னன் உடைக்கு ஒரு வேளையும் வேடன் உடைக்கு ஒரு வேளையும் ஒதுக்கி வைத்த மக்கள் நம்மவர்.

ஆனால் மேடையில் உடுப்பது வேஷம். காட்டில் உடுத்தது கருவி. வில்லும் அம்பும் எவ்வளவு கருவிகளோ அவ்வளவு கருவி அவன் அரைத் துணியும் செருப்பும். மானின் கண் எதைக் காணும், பன்றியின் மூக்கு எதை முகரும், முயலின் செவி எதைக் கேட்கும் என்பனவற்றை ஆராய்ந்து அறிந்த அறிவின் சுருக்கமே வேடர் உடை. வேட்டை ஒழிந்தது, ஒழிய வேண்டியதுதான். வேட்டையோடு அவ்வறிவும் ஒழிய வேண்டுமா என்பதே நம் கேள்வி.

வில் விதித்த நிபந்தனை

துப்பாக்கி உடையவன் நூறு கஜத்துக்கு அப்பால் நின்று சுடலாம். அவன் சிவப்புச் சட்டை அணிந்திருந்தால் என்ன, சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன? குண்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓசையே போய்ச் சேருகிறது. கையால் வளைத்த மூங்கில் வில்லை நம்பியவன் நிலைமை வேறு. இருபது முப்பது தப்படித் தூரத்துக்குள் அவன் நெருங்கியாக வேண்டும். நெருங்கிய பின்னும் காரியம் முடிந்துவிடவில்லை. வில்லை உயர்த்துவதும், நாணை இழுப்பதும், குறி பார்ப்பதும் விலங்கின் கண்ணெதிரே நிகழ வேண்டிய அசைவுகள். அம்பு புறப்பட்ட பின்னரும், நாணின் ஒலி கேட்டு மான் துள்ளி விலகிவிடுவது உண்டு. ஆகவே வில்வேட்டை என்பது எய்யும் வித்தையில் கால் பங்கு. காணப்படாமல், கேட்கப்படாமல், முகரப்படாமல் நெருங்கும் வித்தையில் முக்கால் பங்கு. அந்த முக்கால் பங்கும் உடையோடு ஒட்டியது.

வேடனுக்கு வேண்டிய சாமான்கள் எவையும் சீமையிலிருந்து வரவில்லை. நாணுக்கு உதவும் மரல் என்னும் நார்ச்செடி நம் வறண்ட புதர்க்காடுகளில் தானே வளர்கிறது. 'வில்நாண் சணல்' என்று பொருள்படும் பெயரையே ஆங்கிலேயர் அதற்கு இட்டிருக்கின்றனர். நாண் முன்கையில் அறையாதிருக்கக் கட்டும் தோற்கட்டுக்குக் கோதை என்றும், விரலுக்கு இடும் தோலுறைக்கு விரற்புட்டில் என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். தோலைப் பதனிட ஆவாரம்பட்டை. துணியைத் துவர் நிறமாக்க வேலம்பட்டையும் கடுக்காயும். தோல் பதனிடுவதில் திண்டுக்கல் இன்றும் பேர்பெற்றது. நூற்பாலைகள் வேடசந்தூரைச் சூழ நிற்கின்றன. வேடன் மறைந்தான், அவனுக்கு வேண்டிய தோலும் நூலும் மறையவில்லை.

வில் என்பது புராண காலத்துப் பொருள் என்று எண்ணுவோர் வயநாட்டுக் குறிச்சியரை நினைத்தல் நன்று. 1802 அக்டோபரில் தலக்கல் சந்து என்னும் குறிச்சியத் தலைவன், பழசி ராஜாவின் படைத்தலைவருள் ஒருவனான எடச்சேன குங்கனோடு சேர்ந்து, வில்லேந்திய காட்டு மக்களைக் கொண்டு பனமரத்திலிருந்த கும்பெனிக் காவற்படையை அழித்தான். பீரங்கியும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் வில்லுக்குத் தோற்றது எப்படி? வேட்டையில் பழகிய கால் ஓசையின்றி நடந்தது. காட்டில் பழகிய உடல் கண்ணுக்குப் படாமல் நின்றது. சந்து 1805 இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவனைப் பயிற்றியது எந்த யுத்த கலாசாலையும் அன்று, காடுதான்.

திண்ணனார் பூண்ட கோலம்

வேட்டைக்குப் புறப்படுவோன் எவ்வாறு உடுத்தான் என்பதைத் தமிழில் மிக விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான அப்பெரியார், உடுப்பூர் வேடர் தலைவன் நாகனுடைய மைந்தன் திண்ணன் கன்னி வேட்டைக்குக் கோலங்கொள்வதை முடி முதல் அடி வரை அடுக்கிக் காட்டுகிறார். குஞ்சி முடியப்படுகிறது, அதில் மயிற்பீலியும் மலரும் ஏறுகின்றன. நெற்றியில் குன்றிமணி கோத்த மயிர்க்கயிறு, காதில் சங்குத் தோடு, கழுத்தில் வெண்கவடி மாலை, மணிகளிடையே பன்றிக் கொம்புகள், மார்பில் புலித்தோல், அரையில் தோலுடையும் சுரிகையும், காலில் கழலும் செருப்பும், கையில் வில்.

இதனை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுவோரும் உண்டு. அப்படியே வேடர் நாள்தோறும் உடுத்தனர் என்று நம்புவோரும் உண்டு. இரண்டும் தவறு. இக்கோலத்தில் இரண்டு பகுதிகள் பின்னிக் கிடக்கின்றன. கவடியும் சங்கும் பீலியும் மரியாதைக்கு உரியவை. புதிய தலைவனின் முதல் வேட்டை ஒரு மங்கல விழா. குஞ்சி முடிதலும், தோலுடையும், சுரிகையும், செருப்பும் தொழிலுக்கு உரியவை. விரித்த தலைமயிர் நாணில் சிக்கும். ஆகையால் முடிய வேண்டும். தொங்கும் மேலாடை நாணில் மாட்டி அம்பைக் கோணச் செய்யும். ஆகையால் மார்பை ஒட்டிய தோல் வேண்டும். எதிர்த்து வரும் பன்றிக்கு இரண்டாவது அம்பு தொடுக்க அவகாசம் இராது. ஆகையால் சுரிகை வேண்டும். வலையறுத்து ஓடிய பன்றியைத் துரத்திச் சென்ற திண்ணன், முடிவில் அதனை வீழ்த்தியது அச்சுரிகையால்தான்.

வெண்கவடி மாலை காட்டில் பளிச்சென்று தெரியாதோ என்று ஒருவர் கேட்கலாம். தெரியும். ஆனால் அன்று நடந்தது ஒளிந்து எய்யும் வேட்டையன்று. காட்டைச் சுற்றி வலை கட்டி, நாய்களை ஏவி, பெருங்கூட்டம் ஆரவாரித்து விலங்குகளை எழுப்பும் பெருவேட்டை அது. அங்கே மறைவு தேவையில்லை. தலைவன் தன் கூட்டத்தார் கண்ணுக்குத் தெரிவதே தேவை. தனியே பதுங்கி எய்பவனுக்கு ஒரு கோலம். கூட்டத்தோடு வளைத்து எய்பவனுக்கு வேறு கோலம். இடமும் முறையும் அறிந்து உடையைத் தேர்வதே வேடனின் விவேகம்.

உடையைக் கண்டு வேடனை அளந்த ஒரு புலவரும் நமக்குண்டு. கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரி ஒரே அம்பால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் புற்றிலிருந்த உடும்பையும் வீழ்த்திய கதை பிரசித்தம். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் அதனைப் பாடிய வன்பரணர், அவனை யாரென்று அறியாமலே காட்டில் சந்திக்கிறார். ஊன் விற்கும் வேடன் என்று கொள்ளவும் மனம் வரவில்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. உடை காட்டிக் கொடுத்துவிட்டது! வேட்டையாடி வயிறு வளர்ப்பவன் மார்பில் ஆரம் தொங்காது என்பதை அப்புலவர் நன்கறிந்திருந்தார்.

மானின் கண்

இனி, சாஸ்திர ஆராய்ச்சி இவ்விஷயத்தில் என்ன கூறுகிறதென்று பார்ப்போம். மனிதர் கண்ணில் நிறங்களைப் பிரித்தறியும் உணர்வணுக்கள் மூன்று வகை. மானின் கண்ணில் இரண்டே வகை. 1990களில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களின் கண்ணை ஆராய்ந்தவர்கள் இதனை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தனர். சிவப்பையும் பச்சையையும் மான் பிரித்தறிய மாட்டாது. நமக்குச் செஞ்சுடராகத் தோன்றும் நிறம் அதற்கு மங்கிய புல்லின் நிறமாகவே தோன்றும். நீலமோ அதன் கண்ணுக்கு மிகத் தெளிவாகப் புலப்படும்.

இதனால் விளையும் ஆச்சரியம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியோடு வேட்டைக்குச் செல்வோர், ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடாதிருக்க, பளிச்சிடும் செம்மஞ்சள் அங்கி அணிய வேண்டுமென்று பல ராஜ்யங்களில் சட்டமே இருக்கிறது. மனிதர் கண்ணுக்கு ஒரு மைலுக்கு அப்பால் தெரியும் அவ்வங்கி மானின் கண்ணுக்கு அவ்வாறு தெரிவதில்லை. புலியின் மேனி ஏன் செம்மஞ்சளாக இருக்கிறது என்ற பழைய கேள்விக்கும் இதுவே விடை. மானைப்போல் இரு நிறம் மட்டும் காணும் கண்ணுக்குப் புலி புதரோடு புதராக மறைந்து விடுகிறதென்று பிரிஸ்டல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2019 இல் காட்டினர். புலித்தோலைப் போர்த்த திண்ணனார் பிழை செய்யவில்லை!

அப்படியானால் வேட்டைக்கு ஆகாத உடை எது? நமது பெருமைக்குரிய சலவை வேட்டியே! வெண்மை எந்தக் கண்ணுக்கும் படும். அதன்மேல் நீலம் போட்டால் மானின் கண்ணுக்கு இன்னும் நன்றாகப் படும். இக்காலத்துச் சலவைப் பொடிகளில் துணியை வெள்ளை வெளேரென்று காட்டுவதற்காக ஒரு ரசாயனச் சரக்கைச் சேர்க்கின்றனர். அது நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி வீசுகிறது. மங்கலான விடியற்காலையில் அத்தகைய துணி மானின் கண்ணுக்கு விளக்குப்போல் தெரியும். மண்ணில் புரண்டு காவியேறிய அரைத் துணியும், வேலம்பட்டைச் சாயத்தில் தோய்ந்த துவராடையும் அவ்வாறு தெரிய மாட்டா. அழுக்குத் துணி என்று நாம் முகம் சுளித்தது எதுவோ அதுவே காட்டின் கண்ணுக்கு நல்ல துணி.

செவியும் மூக்கும்

கண்ணைக் கடந்தால் செவி. மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த சுருதியும் மானின் செவிக்கு எட்டும். கஞ்சி போட்ட வேட்டி நடக்கும்போது மொடமொடக்கிறது. நைலான் துணி முள்ளில் உரசினால் கீச்சிடுகிறது. பலமுறை துவைத்து மெலிந்த பருத்தியும், ஆட்டு மயிரில் நெய்த கருங்கம்பளியும் உரசினாலும் ஓசையிடா. மார்கழிப் பனிக்கு ஆட்டிடையன் போர்த்தும் கம்பளி குளிருக்கு மட்டும் நல்லதன்று. ஓசையின்மைக்கும் அதுவே சிறந்தது.

இவ்விஷயத்தில் ஒரு வெளிநாட்டு உதாரணம் மிகவும் பொருத்தமானது. 1911 இல் கலிபோர்னியா மாகாணத்தின் ஒரோவில் என்னும் ஊரில், பசியால் வாடிய ஒரு மனிதர் காட்டிலிருந்து வெளிவந்தார். வெள்ளையர் குடியேற்றத்தால் பூண்டற்றுப்போன யாகி என்னும் இந்தியக் குலத்தில் எஞ்சிய ஒரே மனிதர் அவர். இஷி என்று அவருக்குப் பெயரிட்டனர். சாக்ஸ்டன் போப் என்னும் வைத்தியர் அவரிடம் வில்வித்தை கற்றார். 1916 இல் இஷி இறந்த பின்னர் தாம் கற்றதைப் புஸ்தகமாகவும் எழுதினார். வேட்டைக்கு முதல்நாள் இஷி மீன் உண்ண மாட்டார். புகை பிடிக்க மாட்டார். அவ்வாசனைகள் வெகுதூரத்துக்கு எட்டும் என்பது அவர் கண்ட உண்மை. விடியற்காலையில் ஓடையில் நீராடி, மணமுள்ள தழைகளை மேனியில் தேய்த்துக்கொண்டு, அரைத்துணி மட்டும் உடுத்து வெறுங்காலோடு புறப்படுவார். ஆடை புதரில் உரசி ஓசையிடும் என்பது ஒரு காரணம். வெறும் மேனியில் சுள்ளி பட்டால் மனிதன் தானே எச்சரிக்கை அடைவான் என்பது மற்றொரு காரணம். உடுத்துவதைத் தேர்வது போலவே உடுத்தாமல் விடுவதையும் தேர்ந்தவர் அவர்.

ஆனால் இஷியைப் போல வெறுங்காலோடு வேடசந்தூர்க் காட்டில் ஒருவன் நடக்க முடியுமா? உடைமுள்ளும் சூரைமுள்ளும் அவனை நாலு அடியில் உட்கார்த்தி விடும். அதனால்தான் நம் வேடன் செருப்புத் தொட்டான். சேக்கிழார் மறவாமல் குறித்த அச்செருப்பே பின்னர்க் காளத்திமலையில், இறைவன் திருமுடிமேலிருந்த மலரை விலக்கும் பேறும் பெற்றது. அந்தந்த நிலத்துக்கு அந்தந்த உடை என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுவதில்லை. புகையிலையைப் பற்றி இஷி சொன்னது, புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள வேடசந்தூருக்கும் ஒரு செய்திதான்.

காக்கியும் சட்டமும்

மண்ணிற உடையின் பெருமையை வெள்ளைக்காரத் துரைத்தனத்தாரும் அறிந்துகொண்டனர். ஆனால் காலம் தாழ்ந்து அறிந்தனர். சிவப்புச் சட்டை அணிந்த சிப்பாய்கள் எல்லைப்புற மலைகளில் எளிதாகக் குறிக்கு இலக்காயினர். ஹாரி லம்ஸ்டன் என்பவர் 1840களின் பிற்பகுதியில் பெஷாவர்ப் பக்கத்தில் திரட்டிய படைக்கு மண்ணிறத் துணி கொடுத்தார். 'காக்' என்றால் பாரசீகத்தில் மண், தூசி. காக்கி பிறந்தது அவ்வாறு. நம் நாட்டு மண்ணின் நிறம் நம் நாட்டுச் சொல்லோடு உலகப் படைகள் அனைத்துக்கும் சென்றது. போலீஸ் சேவகரும் வனக் காவலரும் அணிய, மண்ணின் நிறம் அதிகாரத்தின் நிறமாயிற்று.

அதே காலத்தில் வேடனுடைய காடு அவனிடமிருந்து பறிபோயிற்று. நீலகிரியில் 1879 இல் வேட்டை விலங்குச் சட்டம் வந்தது. 1882 இல் சென்னை வனச் சட்டம் வந்தது. லைசென்ஸோடு சுட்ட துரை விளையாட்டு வீரர். வயிற்றுக்காக எய்த காட்டுவாசி திருடன். துரைமாரின் விளையாட்டு எவ்வளவு என்று கேட்பீர்களாயின், ஒரு கணக்குப் போதும். 1938 நவம்பர் 12 ஆம் தேதி, பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டியார் ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. எந்த வேடன் எந்த வில்லால் இதைச் செய்திருக்க முடியும்? இருபது தப்படி நெருங்கியாக வேண்டியவன் கையில் அழிவுக்கு ஓர் அளவு இருந்தது. அவ்வளவைத் துப்பாக்கி உடைத்தது.

இதனால் வேடனைத் தெய்வமாக்கிவிட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. காடுகள் சுருங்கிவிட்டன, ஜனங்கள் பெருகிவிட்டனர், விலங்குகள் அருகிவிட்டன. 1972 ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1991 ஆம் வருஷத்துத் திருத்தம் அத்தடையை மேலும் இறுக்கியது. அச்சட்டம் ஆயுதம் என்று எண்ணும் பொருள்களின் ஜாபிதாவில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இத்தடை நியாயமானது, தளர்த்தப்படத் தகாதது. இன்று களவாகக் கொல்லுகிறவர்கள் கையில் இருப்பது சுருக்குக் கம்பியும், மின்வேலியும், பன்றியின் வாயைப் பிளக்கும் அவுட்டுக்காயும். இவற்றுக்கு உடையும் வேண்டாம், அறிவும் வேண்டாம், அருகில் மனிதனே வேண்டாம்! இவற்றை வேட்டை என்று சொல்வது வேட்டை என்னும் சொல்லுக்கே இழுக்கு.

ஆனால் சட்டம் செய்தவர்கள் ஒன்றைச் செய்ய மறந்தனர். கொலையைத் தடுத்தபோது, கொலையோடு பிறந்து வளர்ந்த அறிவை எங்கே வைப்பது என்று அவர்கள் எண்ணவில்லை. இலங்கையில் நடந்தது இதற்கு உதாரணம். வேடர் என்றே அழைக்கப்படும் அந்நாட்டு ஆதிக்குடிகள் தம்பானை வட்டாரத்துக் காடுகளில் வில்லும் கோடரியும் கொண்டு வாழ்ந்தனர். முற்காலத்தில் மரவுரியும் உடுத்தனர். 1983 இல் மாதுரு ஓயா தேசிய வனம் அமைக்கப்பட்டபோது அவர்கள் வேட்டை நிலமும் அதற்குள் அடங்கிற்று. ஒரே நாளில் அவர்கள் தங்கள் காட்டிலேயே அத்துமீறி நுழைவோராயினர். இன்று பிரயாணிகள் முன் அவர்கள் வில்லேந்தி நிற்கின்றனர், படம் எடுக்கின்றனர். கருவியாக இருந்த உடை வேஷமாகிவிட்டது.

வேடன் காவலனாகட்டும்

இவ்விபத்து வேடசந்தூருக்கும் நேர வேண்டுமா? 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் திண்டுக்கல், கரூர் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தனர். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் அதுவே. அதன் ஒரு பகுதி வேடசந்தூர்த் தாலூகாவிலேயே இருக்கிறது. கைக்கு அடங்கும் உடலும், வட்டக் கண்களும் கொண்ட அச்சிறு பிராணி இரவில் மரக்கிளைகளில் ஊர்ந்து பூச்சிகளைத் தின்கிறது. பயிருக்கு நன்மை செய்கிறது. மந்திரத்துக்கும் மருந்துக்கும் உதவும் என்னும் மூட நம்பிக்கையால் மனிதர் அதனைக் கொன்றனர்.

தேவாங்கைக் காப்பவன் அதனைக் காண வேண்டும். ஆனால் அதனை மிரட்டலாகாது. 1997-98 இல் ஆனா நெக்காரிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அய்யலூர்க் காட்டில் இரவுதோறும் நடந்து தேவாங்கின் வாழ்வை ஆராய்ந்தார். இரவில் உலவும் இத்தகைய பிராணிகளைப் பார்ப்போர் விளக்கின்மேல் சிவப்புத் திரை இடுவது வழக்கம். செவ்வொளி அவற்றை அவ்வளவாகக் கலங்கச் செய்வதில்லை. இது என்ன வித்தை? புலித்தோலின் வித்தையே! விலங்கு எதைக் காணாதோ அதை உடுத்து நெருங்கு என்னும் வேடன் பாடமே விளக்குக்கும் பொருந்துகிறது. எய்வதற்காக நெருங்கியவனுக்கும் எண்ணிக் காப்பதற்காக நெருங்குகிறவனுக்கும் பாதை ஒன்றே. பாதையின் முடிவுதான் வேறு.

இவ்வாறு பழைய திறமையைப் புதிய காரியத்துக்குத் திருப்பியதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டபோது பிழைப்பிழந்த இருளர்கள் 1978 இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். செங்கற்பட்டுப் பக்கத்து வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்துக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்திலிருந்து மாற்று மருந்து உண்டாகிறது, உயிர்கள் பிழைக்கின்றன. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தோலுக்காகப் பாம்பைத் தொடர்ந்த கண்ணே இன்று உயிர்காக்கப் பாம்பைத் தொடர்கிறது. கண்ணைக் குருடாக்காமல் கையைத் திருத்தினார்கள், அதுவே ராஜதந்திரம்.

வேடசந்தூரிலும் அவ்வாறு செய்வதற்கு என்ன தடை? முதலாவது, காட்டோரத்து முதியோர்களிடம் எஞ்சியுள்ள அறிவை உடனே எழுதி வைத்தல் வேண்டும். காற்றின் திசையை எவ்வாறு அறிந்தனர், எந்தப் பட்டையில் துணியைத் தோய்த்தனர், எந்தத் தழையைத் தேய்த்தனர் என்பன இன்னும் சில வருஷங்களில் கேட்கவும் ஆளிராத செய்திகளாகிவிடும். இரண்டாவது, சரணாலயத்துக்கு வேண்டிய வேட்டைத் தடுப்புக் காவலர்களை அக்காட்டை அறிந்த குடும்பங்களிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மாகாணத்துக் காடுகளில் இவ்வேலை பார்க்கும் பலர் நிரந்தர உத்தியோகம் இல்லாதவர்கள். இருளில் நடக்கும் அவர்களுக்கு வாழ்விலும் இருளா?

மூன்றாவது, அவர்கள் உடை. இது சிறிய விஷயம் என்று யாரும் எண்ணற்க. தோளில் பித்தளைப் பொத்தானும், மொடமொடக்கும் சீருடையும், லாடம் அடித்த பூட்ஸும் அணிந்து காட்டுக்குள் செல்பவன் வருவதைக் காடு முழுவதும் முன்னரே அறிந்துகொள்ளும்; விலங்கும் அறியும், களவு வேட்டைக்காரனும் அறிவான். மெல்லிய பருத்தியில், மண்ணும் தழையும் கலந்த நிறத்தில், பளிச்சிடும் சலவைச் சரக்குப் படாத உடை வேண்டும். முள்ளுக்குத் தாங்கி ஓசையிடாத காலணி வேண்டும். பனிக்குக் கம்பளி வேண்டும். நூலுக்கு வேடசந்தூர் ஆலைகள் இருக்கின்றன. நெய்வதற்குச் சின்னாளபட்டி இருக்கிறது. தோலுக்குத் திண்டுக்கல் இருக்கிறது. உள்ளூரிலேயே செய்யக்கூடிய ஓர் உடையைப் பற்றி உடுக்கப் போகிறவனையே கலந்து முடிவு செய்வது ஒரு சர்க்காருக்கு அசாத்தியமான காரியம் அன்று.

வில்லையும் நாம் முற்றிலும் கைவிட வேண்டுவதில்லை. விஜயதசமியன்று பழனியை அடுத்த கோதைமங்கலத்தில் வாழை மரத்தின்மேல் அம்பு எய்யும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. உயிரற்ற குறியில் எய்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ராஜஸ்தானத்துக் காட்டுக்குடியில் பிறந்த லிம்பா ராம் 1988 லும் 1992 லும் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். வேடன் பெயர் தாங்கிய ஊரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாழைத்தண்டில் அம்பு எய்து பழகினால் யாருக்கு நஷ்டம்?

வரிந்து கட்டுதல் என்றும் கச்சை கட்டுதல் என்றும் நாம் நாள்தோறும் பேசுகிறோம். ஒரு காரியத்துக்கு முனைந்து நிற்பதற்குத் தமிழில் வழங்கும் சொற்களே உடையைப் பற்றிய சொற்கள். காரியத்துக்கு ஏற்றபடி உடுப்பவனே காரியத்தில் மனம் வைத்தவன் என்பது நம் முன்னோர் கருத்து. வேடசந்தூர்க் காட்டைக் காக்கும் காரியத்துக்கு இப்பொழுது வரிந்து கட்ட வேண்டும். கட்டும் துணி எது என்பதை அறிந்தவர்கள் அவ்வூரில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களைத் தேடிச் சென்று கேட்பது நம் கடமை. நாளைக்குக் கேட்கலாம் என்று தாமதித்தால், ஊரின் பெயரில் மட்டுமே வேடன் இருப்பான்.